மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஒரு டர்போ

வெற்றிச்செல்வனுக்குச் சூட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவனே சொல்லிக்கொண்டதுதான். புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பதினாலு வருஷமாகப் பாய்லர் பார்க்கிறவன். நீராவிக் குழாய்க்கு எத்தனை சுற்றுப் பஞ்சு போர்த்த வேண்டும், எந்த வால்வு எப்போது முறுக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். பாய்லர் அறையின் காற்றுத் துவாரத்தில் எவனாவது ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டால் இவன் போடுகிற சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்டவன், தன் காருக்கு டர்போ பொருத்தலாம் என்று ஆசைப்பட்டபோது அதில் கிளம்பும் சூட்டைப் பற்றிக் கவலையே படவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் கவலைப்பட்டிருந்தால் பின்னால் இருநூறு பேருக்கு முன்னால் அப்படி நிற்க வேண்டி வந்திருக்காது.

டர்போ ஒன்றும் மாயமந்திரம் இல்லை. இஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகிற சூடான புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாயவிட்டு, அந்தச் சுழற்சியை வைத்தே இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான், அவ்வளவுதான். காற்று கூடினால் இழுவை கூடும், கூடவே சூடும் கூடும். கம்பெனியே டர்போ வைத்து அனுப்புகிற கார்களில் அந்தச் சூட்டுக்கென்று இடம் விட்டிருப்பார்கள். வெற்றிச்செல்வனுடையது பன்னிரண்டு வயதான சின்ன பெட்ரோல் கார். அதன் பானெட்டுக்குள் ஏற்கெனவே அவன் குடியிருந்த முதலியார்பேட்டைச் சந்து மாதிரி ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டுதான் குடியிருந்தார்கள். அங்கே கொண்டுபோய் இவன் ஒரு கொள்ளிக்கட்டையையும் குடிவைத்தான். மூன்று மெக்கானிக்குகள் வேண்டாம் என்றார்கள். நாலாவது ஆள் செய்யலாம் என்றதும், இவர்தான் விஷயம் தெரிந்தவர் என்று முடிவுகட்டினான்.

வண்டி ஓடியது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி வரைக்கும் போய்த் திரும்புவான். மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாற்பத்திரண்டு வயதில், முன்வழுக்கையும் சின்னத் தொப்பையும் உள்ள ஒருவனுக்கு முதுகு சீட்டில் ஒட்டுவதில் அப்படி என்ன கிடைக்கிறது என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. ஆனால் வாரம் முழுக்க அந்த ஒட்டலை நினைத்துக்கொண்டுதான் பாய்லருக்குத் தீனி போட்டான்.

தனியாக ஓட்டும்போது ஒழுங்காக ஓடிய வண்டி, குடும்பம் ஏறினால் மட்டும் நின்றது. முதல் தடவை விழுப்புரம் போகும் வழியில், டர்போவுக்குப் பக்கத்தில் போன ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டாம் தடவை கடலூர் போகையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. மூன்றாம் தடவை திண்டிவனத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போனபோது, சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு, கிளியனூர் தாண்டி பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு கருகிப் புகை கிளம்பியது. மூன்றுக்கும் மூன்று காரணம் சொன்னான். ஒயர் மட்டமானது, குழாய் டூப்ளிகேட், பெட்ரோலில் கலப்படம். டர்போ மேல் மட்டும் குற்றமே கிடையாது. மூன்றாவது காரணத்தை அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, மனைவி நிர்மலா மகள் இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பஸ் போனதுகூட அவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதன் பிறகு நிர்மலா அந்தக் காரில் ஏறவில்லை. ஒரு வருஷம் ஒரு மாசம். சண்டை என்று எதுவும் கிடையாது. வீட்டில் சிரிப்பாள், பேசுவாள், அவனைக் கிண்டல்கூடச் செய்வாள். எங்கேயாவது போக வேண்டுமென்றால் மட்டும், "நீங்க கார்ல வாங்க, நாங்க பஸ்ல வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொள்வாள். விசேஷ வீட்டு வாசலுக்கு அவன் ஒரு பக்கமிருந்தும் மனைவியும் மகளும் இன்னொரு பக்கமிருந்தும் வந்து சேர்வார்கள். ஒன்றாக வரவில்லையா என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். பக்கத்து சீட் காலியாகக் கிடக்க ஓட்டுவது அவனை உள்ளுக்குள் அறுத்தது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சூட்டை அடக்கிவிட்டால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று நினைத்து அதன்மேல் பாய்ந்தான்.

புகைக்குழாயைச் சுற்றுவதற்குக் கண்ணாடி நாரில் செய்த பட்டையை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்தான். ஊறவைத்தது நிர்மலா அரிசி களைகிற குண்டானில். நார் உடம்பில் பட்டு மூன்று நாள் குரங்கு மாதிரிச் சொறிந்துகொண்டு திரிந்தான். டர்போவுக்கென்றே தைத்த போர்வை ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, பச்சைக் குழந்தைக்குக் குல்லாய் மாட்டுகிற பக்குவத்தில் மாட்டினான். டர்போவுக்கும் பிரேக் ஆயில் டப்பாவுக்கும் நடுவில் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. தகடு தேடி அலைந்துவிட்டு இட்லிப் பானையின் மூடியை அறுத்தான். காற்று உள்ளே போகிற குழாய்க்குத் தங்க நிறத்தில் மின்னுகிற ஒட்டுத்தாளைச் சுற்றினான். எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா, அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் மனைவி, அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்பா வெற்றி, பொண்டாட்டி கழுத்துல போட வேண்டியத இதுக்குப் போட்டு வச்சிருக்கியே" என்று கேட்டார். வெற்றிச்செல்வன் அவருக்கும் கால் மணி நேரம் விளக்கம் சொன்னான்.

வண்டியை நிறுத்தியதும் இஞ்சினை அணைக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். சூடான டர்போவைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருக்கும் எண்ணெய் கருகிவிடும், இரண்டு நிமிஷமாவது சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். வீட்டு வாசலில் தினமும் அந்த இரண்டு நிமிஷம், கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். புருஷன் வேலையிலிருந்து வந்தும் வீட்டுக்குள் வரப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று சந்தில் ஒரு பேச்சுகூடக் கிளம்பியது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பானெட்டில் நாலு வெட்டு வெட்டினான். மீனுக்குச் செவுள் இருப்பதுபோல, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வண்டி வேகமாகப் போகும்போது உள்ளே அடைந்திருக்கும் சூடு அதன் வழியாக மேலே இழுபட்டுப் போய்விடும். பெயின்ட் காய்ந்தும் காயாமலும் பிள்ளைச்சாவடிக்கு ஓட்டிப் பார்த்தான். சூடு காட்டும் முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. அங்கே இறங்கிப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். வெறும் இளஞ்சூடுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல தகட்டில் நாலு ஓட்டை போட்டுவிட்டு அழுகிறவனைப் பார்க்க, அந்த நேரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் மட்டும் இருந்தது அவன் செய்த புண்ணியம்.

வைகாசியில் நிர்மலாவின் தம்பி மதிவாணனுக்குக் கல்யாணம் வந்தது. மண்டபம் சாரம் பகுதியில். முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு. மாமனார் கோவிந்தசாமி ஊர்வலத்துக்கு வாடகைக் கார் பேசலாம் என்று ஆரம்பித்தபோது வெற்றிச்செல்வன் குறுக்கே விழுந்தான்.

"நம்ம வண்டி இருக்கும்போது எதுக்கு மாமா வாடகக் காரு?"

கோவிந்தசாமி மகளைப் பார்த்தார். மருமகனின் காரைப் பற்றி அவருக்கும் செய்தி போயிருந்தது.

"எடுத்துக்கிட்டு வரட்டும்பா" என்றாள் நிர்மலா. பிறகு அடுப்படியில் அவனிடம் தனியாகச் சொன்னாள். "கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் எங்கயும் நிக்காம என் தம்பிய கொண்டாந்து எறக்குங்க. எறக்கிட்டீங்கன்னா கல்யாணம் முடிஞ்சி நான் கார்லயே வூட்டுக்கு வரேன்."

"நின்னுடுச்சின்னா?"

"நின்னுடுச்சின்னா, இனிமே ஏறுன்னு என்னைக் கேக்காதீங்க."

கோயிலிலிருந்து மண்டபம் எண்ணூறு மீட்டர். வெற்றிச்செல்வனுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைச்சாவடிக்குப் போய் அசராமல் திரும்புகிற வண்டிக்கு இதெல்லாம் ஒரு தூரமா? அன்றிரவு அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

ஊர்வலத்தன்று மூன்று மணிக்குப் பூ அலங்காரம் செய்கிற சின்னக்கண்ணுவிடம் வண்டியை ஒப்படைத்தான். செவுள்களை மூடிவிடாதே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன்னால் செவுள் எதற்காக என்று சொன்னால்தானே புரியும் என்று டர்போவிலிருந்து தொடங்கினான். புகை, சக்கரம், காற்று, போர்வை, தங்கத்தாள் என்று போய்க்கொண்டே இருந்தது. சின்னக்கண்ணு பூவைப் பிரித்தபடி "சரிண்ணே, சரிண்ணே" என்றான். அதற்குள் மாலை வாங்கி வரச் சொல்லி மாமனாரிடமிருந்து போன் வந்துவிட்டது. சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வெற்றிச்செல்வன் கிளம்பிப் போனான்.

ஐந்தரை மணிக்குத் திரும்பி வந்தவனுக்குத் திக்கென்றது. பானெட் முழுக்க மஞ்சள் சாமந்தி. நடுவில் ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்து, அண்டா மூடி அகலத்துக்கு ஒரு கொத்து. முன்பக்கம் காற்று உள்ளே போகிற கிரில் முழுவதும் பந்தல் மறைப்பு மாதிரி நெருக்கமாகப் பூச்சரம். அத்தனை சரத்தின் நாரும் அந்த நாலு செவுளுக்குள்ளே நுழைந்து, இழுத்து முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

"அண்ணே, பூ கட்டறதுக்குன்னே ஓட்ட போட்டு வச்ச வண்டிய இன்னிக்குத்தாண்ணே பாக்கறேன்" என்றான் சின்னக்கண்ணு மனம் நிறைந்து. "மத்த வண்டியில டேப்பு ஒட்டி ஒட்டி நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். ரோசன பண்ணிச் செஞ்சிருக்கீங்க."

பிரித்துப் போடு என்று சொல்ல வெற்றிச்செல்வன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து நிர்மலா பட்டுப்புடவையோடு, கையில் தேங்காய்த் தட்டோடு வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு சாமந்தியை விரல் நுனியால் தொட்டாள்.

"இப்பதாங்க இந்த வண்டி பாக்கறாப்புல இருக்குது" என்று சொல்லி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்தக் காரைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குத்தான் தெரியும். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது. எண்ணூறு மீட்டர்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ஒரு ஈரத்துண்டுக்காகக் கம்பெனியையே அதிரவைக்கிறவன், நாலு கிலோ சாமந்தியைப் பார்த்துக்கொண்டு ஊமையாக நின்றான். "நல்லாத்தான் இருக்குது" என்று அவளோடு சேர்ந்து ஒரு வார்த்தை வேறு சொல்லிவைத்தான்.

ஆறு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேளம், அதற்கு முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கும் முன்னால் பட்டாசு. நடுவில் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், நிர்மலா அவர்களோடு. கடைசியில் கார். பின்சீட்டில் மாப்பிள்ளை மதிவாணன், அடர் நீலக் கோட்டும் சூட்டும் கழுத்தில் மாலையுமாக. பக்கத்தில் மாப்பிள்ளைத் துணையாகப் பதினோரு வயது இனியா. முன்சீட்டில் வெற்றிலைத் தட்டு. மாப்பிள்ளை கோயிலில் ஏறினால் மண்டப வாசலில்தான் காலைக் கீழே வைக்க வேண்டும், பெண்ணின் அண்ணன் மாலை போட்டு இறக்கிக் கூட்டிப்போக வேண்டும் என்பது முறை. கோவிந்தசாமி இதை மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் நூறு மீட்டர் போவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. நாலடி நகர்ந்தால் மேளம் நிற்கும். யாராவது ஒரு சித்தப்பா ஆடுவார். அவர் ஆடி முடித்ததும் அவரை வீடியோ எடுக்கவில்லை என்று தெரிந்து மறுபடி ஆடுவார். வெற்றிச்செல்வன் கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. செவுள் வழியாகச் சூடு வெளியே போக வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும். பூவே இல்லாவிட்டாலும் இந்த வேகத்தில் அந்தச் செவுளால் பெரிய பிரயோசனம் கிடையாது. இரண்டு வருஷமாக விடியற்காலையில் காலி ரோட்டில் பறந்து பறந்து சோதனை செய்த விஞ்ஞானி, நடக்கிற வேகத்தில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் வீடியோக்காரர் எதிரே நின்றார்.

முள் நடுவைத் தாண்டியது.

"அப்பா, யாரோ கீர ஆக்கறாங்க" என்றாள் இனியா.

ஆக்கியது அவள் அப்பாதான். பானெட்டின் மேல் சாமந்தி வெந்துகொண்டிருந்தது. மஞ்சள் நிறம் ஓரத்தில் பழுப்பாக மாறத் தொடங்கியது. முள் இன்னும் ஒரு கோடு ஏறியது. மண்டபம் இன்னும் ஐந்நூறு மீட்டர்.

வெற்றிச்செல்வனுக்குக் கடைசியாக ஒரு வித்தை தெரியும். குளிர் ஊர்க்காரர்களுக்கென்று எல்லாக் காரிலும் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் பிறந்த கார் ஒன்றும் அதைத் தொட்டிருக்காது. இஞ்சினைச் சுற்றி வருகிற சுடுதண்ணீரைக் கொண்டுவந்து அதன் சூட்டைக் காருக்குள்ளே ஊதுகிற ஏற்பாடு அது. அதைத் திருப்பினால் இஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உட்கார்ந்திருப்பவர்கள் மேல் இறங்கிவிடும். வைகாசி மாதம், கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை பின்னால் இருக்கையில், அவன் ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பினான்.

முள் தயங்கியது. பிறகு ஒரு நூல் இறங்கியது. அவனுக்கு உயிர் வந்தது.

"மாமா, ஏசி போட்டிருக்கீங்களா?" என்று மதிவாணன் பின்னாலிருந்து கேட்டான்.

"போட்டிருக்கேன் மச்சான்."

"அனலா அடிக்குது மாமா."

"கல்யாண டென்ஷன் மச்சான். எனக்கும் அன்னிக்கு இப்டிதான் இருந்துச்சி."

இதைச் சொன்னபோது அவனுக்கே கூசியது. கூசினாலும் குமிழைத் திருப்பவில்லை. கண்ணாடியில் பார்த்தால் மதிவாணனின் முகத்திலிருந்த பவுடர் வழிந்து காலருக்கு வந்திருந்தது. ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன, ஆனால் ஊர்வலக் கூட்டம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டதில் காற்று எட்டிப் பார்க்கவில்லை. "அப்பா, காலு சுடுது" என்றாள் இனியா. அவன் இதோ வந்துட்டம் கண்ணு என்று சொல்லச் சொல்ல, அவள் கதவைத் திறந்து குதித்து, கூட்டத்தில் புகுந்து அம்மாவைத் தேடி ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் முன்கதவு திறந்தது. நிர்மலா வெற்றிலைத் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

வெற்றிச்செல்வனின் மூளை அந்த நேரத்தில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். ஏறிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தான். ஒரு வருஷம் ஒரு மாசத்துக்குப் பிறகு அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மனசுக்குள் மத்தாப்புக் கொளுத்தினாற்போல் ஒரு சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம். அதற்குள் அவள் பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்துவிட்டு, கையைக் காற்று வரும் துவாரத்தில் வைத்துப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"இது என்னா?"

"ஹீட்டரு."

"எதுக்கு?"

"இஞ்சின் சூட்ட உள்ள வாங்கிக்கிட்டா அது தப்பிச்சிக்கும்."

"அது தப்பிச்சிக்கும். இவன்?"

"அக்கா, கண்ண இருட்டுது" என்றான் மதிவாணன். தலையைச் சீட்டில் சாய்த்திருந்தான், உதடு வெளுத்திருந்தது.

மண்டபத்தின் சீரியல் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. முந்நூறு மீட்டர், அதற்கும் குறைவு. முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு முடி அளவில் நின்றது. ஹீட்டரை விட்டுவைத்தால் வண்டி நிற்காமல் போய்ச் சேர்ந்துவிடும். பந்தயத்தில் ஜெயித்துவிடலாம். மாப்பிள்ளை கொஞ்சம் வாடியிருப்பான், ஒரு சோடா கொடுத்தால் தெளிந்துவிடுவான். இந்தக் கணக்கை அவன் முழுசாக ஒரு விநாடி போட்டான். அந்த ஒரு விநாடியை நினைத்தால் பிற்பாடும் அவனுக்கு முகம் சுருங்கும். அடுத்த விநாடி சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான். ஆறவைக்கிற இரண்டு நிமிஷம், உள்ளே கருகப்போகிற எண்ணெய் எல்லாம் தெரிந்துதான் அணைத்தான்.

கார் நின்றது. மேளம் பத்தடி தள்ளிப் போய்விட்டு, பின்னால் ஆள் வரவில்லை என்று தெரிந்து அடங்கியது.

இவ்வளவு நல்ல காரியம் செய்தவன் அடுத்து என்ன செய்தான் என்றால், வழக்கப்படி பானெட் நெம்புகோலை இழுத்துவிட்டு முன்னால் ஓடினான். நாரெல்லாம் செவுளில் முடிச்சுப் போட்டிருந்ததால் பானெட் பாதிதான் திறந்தது. அந்தப் பாதி வழியாக ஆவியும், வெந்த சாமந்தி வாசனையும் சேர்ந்து வந்தன. கையைச் சுட்டுக்கொண்டு முடிச்சைப் பிய்த்தான். கோவிந்தசாமி வந்து நின்றார், ஆடிய சித்தப்பா வந்தார், ஊர்வலமே திரும்பி வந்து வட்டம் கட்டியது. "காத்தோட்டம் இல்ல மாமா, அதான். செவுள் அடைபட்டுப் போச்சி. இதே வேகமா போயிருந்தா..." என்று வெற்றிச்செல்வன் பாதி பானெட்டுக்குள் தலையை விட்டபடி விளக்கத் தொடங்கினான்.

"என்னாங்க."

நிர்மலாவின் குரல் பெரிதாக எழவில்லை. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெரிந்த இடுக்கில் பார்த்தான். அவள் முன்சீட்டிலிருந்தே பின்னால் திரும்பி, தம்பியின் கோட்டைக் கழற்றிவிட்டு, பட்டு முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்து, தட்டிலிருந்த வெற்றிலைக் கட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க" என்றாள்.

கரி அப்பிய கையோடு அவள் ஜன்னலுக்குப் போய்க் குனிந்தான். விசிறுவதை அவள் நிறுத்தவில்லை.

"மூணு தடவ நடு ரோட்டுல நின்னுச்சி. மூணு தடவயும் எறங்கின ஒடனே அந்த மூடியத் தூக்கிட்டு உள்ள தலய வுட்டுட்டீங்க. நானும் கொழந்தையும் வெயில்ல நின்னோம். குடிக்கத் தண்ணி வேணுமா, நெழல்ல போயி நில்லுன்னு ஒரு வார்த்த கெடயாது. அந்த இரும்புக்குப் பாத்துப் பாத்துப் போர்வ போத்தினீங்க. வண்டி நின்னதுக்காக நான் ஏறாம இல்லீங்க."

வெற்றிச்செல்வனிடம் எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். தன்னையே கேலி செய்துகொண்டு தப்பிப்பது அவனுக்குக் கைவந்த கலை. கேன்டீனில் அப்படித்தான் சமாளிப்பான், மாமனாரிடமும் அப்படித்தான். இப்போது தேடிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. கிளியனூர் ரோட்டில் நிழல் இருந்ததா, மரம் இருந்ததா என்று யோசித்தான். ஞாபகம் இல்லை. உருகிய ஒயரின் நிறம் ஞாபகம் இருந்தது, வெடித்த குழாயில் பிளவு எந்தப் பக்கம் என்பது ஞாபகம் இருந்தது. அவள் எங்கே நின்றாள் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. அவமானமாக இருந்தது. சுற்றி நின்ற இருநூறு பேரால் வந்த அவமானம் இல்லை அது.

"தப்பு எம்மேலதான்" என்றான். "பூ கட்டியிருந்ததப் பாத்தப்பவே இது ஆகாதுன்னு எனக்குத் தெரியும் நிர்மலா. பிரிச்சிருக்கணும். நீ நல்லா இருக்குதுன்னு சொன்ன. அதுக்கப்பறம் பிரிக்க மனசு வரல."

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நானே பிரிச்சிப் போட்டிருப்பேனே" என்றாள்.

மாப்பிள்ளையை நடத்திக் கூட்டிப் போகலாமா என்று யாரோ கேட்டதற்குக் கோவிந்தசாமி சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை கால் தரையில் படக் கூடாது, அதனால் வண்டியைத் தள்ளுவதென்று முடிவாயிற்று. மதிவாணனின் நண்பர்கள் பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். "அண்ணே, மூடிட்டு வந்து ஸ்டேரிங்கப் புடிங்க" என்று ஒருவன் குரல் கொடுத்தான். வெற்றிச்செல்வன் பானெட்டைச் சாத்தினான். டர்போ என்ன ஆயிற்று, எண்ணெய் ஒழுகுகிறதா என்று அவன் குனிந்து பார்க்கவில்லை.

மேளம் மறுபடி ஆரம்பித்தது. கார் மெல்ல நகர்ந்தது. இஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் அம்மிக்கல் கனம் கனத்தது. அதே காரணத்தால் காருக்குள் சத்தம் இல்லை, அனல் இல்லை. கூட்டம் பின்னால் போய்விட்டதால் ஜன்னல் வழியே கடற்காற்று வந்தது. மதிவாணன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தான்.

வண்டி நின்றுவிட்டது. பேச்சுப்படி நிர்மலா இறங்கிவிட வேண்டும், இனிமேல் ஏறச் சொல்லி அவன் கேட்கவும் முடியாது. கதவு திறக்கும் சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அவள் நெற்றியில் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. முந்தானை தம்பியின் பவுடரால் வெள்ளையாகியிருந்தது.

"ஒனக்கு ரொம்ப சூடா இருக்குதா?" என்று கேட்டான்.

"இப்பதான் கேக்கறீங்க" என்றாள் நிர்மலா.

இறங்கவில்லை. மண்டப வாசல் வரைக்கும் அவள் இறங்கவே இல்லை.